எழுதாமல் விட்ட ஐந்து டிக்கெட்டுகள்

ஞானசிகாமணி தன்னுடைய அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில், எந்தக் காலத்திலாவது எந்த இடத்திலாவது எந்தக் காவல் அதிகாரியாவது உங்களை நிறுத்தியதுண்டா, அபராதச் சீட்டு எழுதியதுண்டா, பிடித்து வைத்ததுண்டா என்று கேட்ட கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தை நிரப்பி, கர்த்தர் சாட்சியாக இதெல்லாம் உண்மை என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிய மறுநாள் காலை ஆறே முக்கால் மணிக்கு, இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்து முனையில் நிற்காமல் போனதற்காக அவரை நிறுத்தி டிக்கெட் எழுதிக் கொடுத்த ஹாரிங்டன் என்ற போலீஸ்காரர், அன்றைக்கு இருந்த அதே வயதோடும் அதே செம்பட்டை மீசையோடும் ஞானசிகாமணியின் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு, அவர் மனைவி பியூலா காப்பி வடிகட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூலா திரும்பிப் பார்த்தாள். அலமாரியிலிருந்து இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினாள்.

"சீனி எவ்வளவு போடட்டும்?"

"அரைக் கரண்டி போதும்மா" என்றார் ஹாரிங்டன்.

மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த அந்த வெள்ளைக்காரர் நாசரேத்துப் பக்கத்துத் தமிழ் பேசியது பியூலாவுக்கு ஆச்சரியமாக இல்லை. டிக்கெட் வாங்கியவர் நாசரேத்துக்காரர் என்னும்போது டிக்கெட் எழுதியவர் வேறு எந்தத் தமிழில் பேசுவார்? அரைக் கரண்டி சீனி போதும் என்று சொல்லும் ஓர் ஆண்பிள்ளையை அந்த அடுக்களையில் முதல் தடவையாகப் பார்த்ததுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞானசிகாமணி டையைச் சரிசெய்துகொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். போலீஸ்காரரைப் பார்த்ததும் அவருடைய வலது கை தானாகவே லைசென்ஸ் இருக்கும் பையைத் தேடிப் போனது.

"என்னைய எழுதாம விட்டுட்டீய, சார்" என்றார் ஹாரிங்டன். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பேர் விடுபட்டுப்போன சித்தப்பா சொல்வதுபோலச் சொன்னார்.

"அது ரொம்பப் பழசுல்லா" என்றார் ஞானசிகாமணி.

"பழசுன்னா இல்லன்னு ஆயிருமா, சார்?"

ஞானசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த ஊரில் அவரால் அறிவுரையாக மாற்ற முடியாத முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஹார்வெல் என்ற அந்த ஊரில் நாற்பத்து மூன்று தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அவற்றுக்கு ஒரு தமிழ்ச் சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக ஞானசிகாமணிதான் செயலாளர். 'இத்தன வருஷமா ஒரு டிக்கெட் கூட வாங்காதவன்' என்று அவர் தன்னைப் பற்றி முதல் தடவை சொன்னது ஒரு விருந்தில், விளையாட்டாக, யாரும் மறுக்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது அவரே கொஞ்சம் நம்பினார். மூன்றாம் தடவை அது சங்கத்தின் ஆண்டு மலரில் அவருடைய புகைப்படத்தோடு அச்சாகி வந்தது, அச்சில் வந்ததை மறுக்க அவரால் முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் புதிதாக வந்திறங்கும் தமிழர்களுக்காக 'நாற்சந்தியில் நம் பண்பாடு' என்ற தலைப்பில், எண்பது படங்களைத் திரையில் போட்டுக் காட்டி, மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, அவர் சாலைப் பாதுகாப்புச் சொற்பொழிவு ஆற்றிவந்தார்.

இப்போது அவர் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததும் இந்தப் பெருமையால்தான். ஹார்வெல் நகராட்சியின் சாலைப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் காலியானது. குடிமக்கள் மட்டுமே சேரலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி தன்னை நினைத்துப் பார்த்தார் ஞானசிகாமணி, நினைத்துப் பார்த்த கோலம் அவருக்குப் பிடித்துப்போனது.

பியூலா ஏழு வருடத்துக்கு முன்பே குடியுரிமை வாங்கியவள். அவளுக்கு இரண்டு டிக்கெட். இரண்டையும் தேதியோடு எழுதிக் கொடுத்தாள். அதற்காக ஞானசிகாமணி ஒரு மாதம் அவளுக்கு அறிவுரை சொன்னார்.

"உங்களுக்கு உள்ளதெல்லாம் எழுதிட்டீயளா?" என்று விண்ணப்பத்தை அனுப்புகிற அன்று பியூலா கேட்டிருந்தாள். "பள்ளிக்கூடத்து முனையில ஒண்ணு வாங்குனீயளே. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"அது எச்சரிக்க மாதிரி. டிக்கெட்டுன்னு சொல்ல முடியாது."

"பணம் கட்டுனீய."

"நன்கொட மாதிரி."

எழுதலாமா கூடாதா என்று அவர் சங்கத்தில் நாலு பேரிடம் கேட்கத்தான் செய்தார். நாற்பத்து மூன்று குடும்பங்கள் என்றால் நாற்பத்து மூன்று வக்கீல்கள். எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும் என்றார் ஒருவர்; எழுதாவிட்டால் ஆளையே திருப்பி அனுப்புவார்கள் என்றார் இன்னொருவர்; சங்கத் தலைவர் டாக்டர் தணிகாசலம், பல் வைத்தியத்தில் முப்பது வருட அனுபவமுள்ளவர், சட்டத்தில் 'டிக்கெட்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு என்று தொடங்கி, மூன்றையும் சொல்லாமலே பேச்சை முடித்தார். ஞானசிகாமணிக்கு எந்தப் பதில் வேண்டியிருந்ததோ அது அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்தது, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஹாரிங்டன் வந்த இரண்டாம் நாள் டோலோரஸ் என்ற பெண் போலீஸ் வந்தார், சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக டிக்கெட் எழுதியவர். மூன்றாம் நாள் காலாவதியான வண்டிப் பதிவுக்காக ஒருவர். நான்காம் நாள், வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசியதற்காக எழுதிய ஒல்லியான இளைஞர் ஒருவர். அன்றைக்கு ஞானசிகாமணி போனில் பேசிக்கொண்டிருந்தது, வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது என்ற தம்முடைய சொற்பொழிவுக்கு அரங்கம் ஏற்பாடு செய்வதைப் பற்றி. நான்கு பேரும் டிக்கெட் எழுதிய இடத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். யாரும் எதையும் மிரட்டிக் கேட்கவில்லை. தங்களை எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுதும்வரை இருந்துகொள்வதாக, சோபாவில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள்.

பதினாறு வயது மகள் ஹெப்சி பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அவர்களைக் கடந்து போனாள், திரும்பி வந்து எண்ணினாள்.

"டாடி, ஒரு டிக்கெட் கூட வாங்கலன்னு சொன்னீங்க?"

"அது ஒரு பொதுவான கருத்து" என்றார் ஞானசிகாமணி.

ஹெப்சி அப்போது வண்டி ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். அப்பாவோடு போனால் மூன்று தெருவுக்குள் அழுகை வந்துவிடும். மறுநாளிலிருந்து டோலோரஸைப் பக்கத்தில் உட்கார்த்திவைத்துக்கொண்டு ஓட்டினாள். டோலோரஸ் சத்தம் போடவில்லை. "மெதுவா திருப்பு மக்களே, ரோடு எங்கயும் போயிராது" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரத்தில் அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் ஐந்தாமவர் வந்தார். அகலமான விளிம்பு வைத்த தொப்பியும் கனத்த குளிர்கோட்டும் போட்ட நெடுஞ்சாலைக் காவலர். கல்வர் என்று பேர். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. ஜூன் மாத வெயிலில் அந்தக் கோட்டோடு வாசலில் நின்று, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"லேட்டாயிட்டும்மா. இருநூத்துப் பத்து மைலு நடக்கணும்லா" என்றார்.

பியூலா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கும்போது மேசைமேல் வைத்த டிக்கெட் புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச் பன்னிரண்டு, வியாழக்கிழமை, பகல் பதினொன்று இருபது. வேகம். இடம், மேற்கே இருநூற்றுப் பத்து மைல் தள்ளி, அவள் கேள்விப்பட்டிராத ஓர் ஊர்.

"இது எங்க போகும்போது?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் வேலையாத்தான் இருக்கும்" என்றார் ஞானசிகாமணி.

கல்வர் தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூலா அந்தத் தேதியை மறந்தவள் இல்லை. அன்றைக்கு ஹெப்சி ஐந்து மாதக் குழந்தை, நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். பியூலா அவருடைய அலுவலகத்துக்கு எட்டுத் தடவை போன் செய்தாள், எட்டுத் தடவையும் மணி அடித்து நின்றது. இப்போது அவள் அவரிடம் அதற்குமேல் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தாள். கல்வர் வந்த நாளிலிருந்து காலைக் காப்பியை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். ஞானசிகாமணி அதைக் கவனித்தார், காப்பியை எடுத்துக் குடித்தார். கல்வர் மட்டும் தினமும் காலையில் ஒரே ஒரு தடவை, மிகுந்த மரியாதையோடு, நெடுஞ்சாலையில் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு அவசரமா எங்க போறீய, சார்?"

"ஆபீசுக்கு" என்பார் ஞானசிகாமணி, டையை இறுக்கிக்கொண்டு.

நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கும் ஊரில் ஐந்து போலீஸ்காரர்களை எத்தனை நாள் மறைத்து வைக்க முடியும்? பியூலா மறைக்கவும் முயலவில்லை. தன் சிநேகிதி நிர்மலாவின் வீட்டுக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னாள். நிர்மலா நிதானமாகக் கேட்டுக்கொண்டு, எழுந்து போய் நிலவறைக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டாள்.

கீழே மூன்று போலீஸ்காரர்கள் மேசைப் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"எங்காத்துக்காரர் எழுதலை. எட்டு வருஷமாச்சு" என்றாள் நிர்மலா. அவள் கும்பகோணத்துக்காரி. "மொதல்ல சங்கடமாத்தான் இருந்துது. இப்போ பழகிடுத்து. தணிகாசலம் சார் ஆத்துல ஏழு பேர். அதுல ஒருத்தருக்குப் பல் கூட கட்டிவிட்டுருக்கார்."

"ஏன் யாரும் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அப்படித்தான் அது வெளியே வந்தது. ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு வீட்டு நிலவறையிலிருந்தும் ஒருவர் இருவராக மேலே ஏறி வந்து, பல வருடங்களுக்குப் பிறகு வெயிலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். மதுரைக்காரர் வீட்டில் இருந்தவர் மதுரைத் தமிழும், ஈரோட்டுக்காரர் வீட்டில் இருந்தவர் கொங்குத் தமிழும் பேசினார்கள். ஹார்வெல் தமிழர்களின் பிள்ளைகளைவிட இந்தப் போலீஸ்காரர்கள் நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள் என்று தமிழ்ப் பள்ளி ஆசிரியை வருத்தப்பட்டார். ஊரில் கேட்க வேண்டியவர்கள் யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை. தமிழர் வீடுகளில் விருந்தாளிகள் மாதக்கணக்கில் தங்குவது ஹார்வெல்லுக்குப் புதிதல்ல. உண்மையான ஹாரிங்டன் ஓய்வு பெற்று, தெற்கே கடற்கரை ஊரொன்றில் மீன் பிடித்துக்கொண்டு, பிடித்த மீனைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்; பியூலா அந்தப் படத்தைக் காட்டியபோது அடுக்களை ஹாரிங்டன், "வயசாயிட்டு எனக்கு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

சங்கம் அவசரக் கூட்டம் கூட்டியது. இத்தனை குடும்பங்களின் மானப் பிரச்சினை இது என்பதால், இதைத் தீர்ப்பதற்கு ஒரு குழுவும், அந்தக் குழுவுக்குப் பெயர் வைக்க ஒரு துணைக் குழுவும் அமைக்கப்பட்டன. எல்லாரும் உண்மையை எழுதித் திருத்திக் கொடுத்துவிட்டால் அவரவர் போலீஸ்காரர்கள் போய்விடுவார்கள் என்று பியூலா எழுந்து சொன்னாள்.

"அது சரிதானுங்க" என்றார் ஈரோட்டுக்காரர். "ஆனா எங்க ஆளு போயிட்டா குளிர்காலத்துல வாசல்ல பனி யாரு தள்றது?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எல்லாருக்கும் புரிந்தது. தீபாவளி விழாவுக்கு வண்டி நிறுத்துமிடத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு போலீஸ்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்ச் சங்க வரலாற்றில் முதல் தடவையாக, ஒருவர் வண்டியை இன்னொருவர் வண்டி மறிக்காமல், மாற்றுத்திறனாளிகள் இடத்தில் தலைவர் வண்டி நிற்காமல், நூற்றிருபது வண்டிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. விழா மட்டும் வழக்கம்போல இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அதற்குப் போலீஸ்காரர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மேடையில் ஞானசிகாமணி சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச எழுந்தார். முதல் வரிசையில் அவருடைய ஐந்து பேரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எண்பது படங்களில் முதல் படம் திரையில் விழுந்தது, அவருடைய படம், கீழே அந்த வாசகம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாப்பாடு தயார்னு நினைக்கேன்" என்று சொல்லி இறங்கினார். அவருடைய சொற்பொழிவுகளிலேயே அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நவம்பரில் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அன்று மாலையே ஞானசிகாமணி உட்கார்ந்து, எழுதாமல் விட்ட ஐந்து டிக்கெட்டுகளையும் பற்றிப் பதினோரு பக்கத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதினார். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்காக விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், நாட்டை விட்டே அனுப்பலாம், மனைவியும் மகளும் இங்கே இருக்க அவர் மட்டும் நாசரேத்தில் போய் இறங்கலாம் என்று நினைத்து நினைத்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து போலீஸ்காரர்களும் இரண்டு நாள் முன்பே நடக்கத் தொடங்கி, குறித்த நாளில் குடியேற்ற அலுவலகக் காத்திருப்பு அறையில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நேர்காணல் செய்த அம்மாளுக்கு ஜலதோஷம். ஞானசிகாமணி வாக்குமூலத்தை நீட்டியதும் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் புரட்டினார்.

"ஐந்து டிக்கெட். குடித்திருந்தீர்களா?"

"இல்லை."

"யாருக்காவது காயம் பட்டதா?"

"இல்லை."

"அபராதம் எல்லாம் கட்டியாயிற்றா?"

"கட்டிவிட்டேன். ஆனால் நான் இதை மறந்துவிடவில்லை. தெரிந்தேதான் மறைத்தேன்."

அந்த அம்மாள் முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "தெரிந்தே மறைத்தது தவறு. தானாக வந்து சொன்னீர்கள், நான் கேட்பதற்கு முன்னால். பெரும்பாலும் நான்தான் கேட்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, சிவப்பு மையில் 'இல்லை' என்பதை அடித்து 'ஆம்' என்று திருத்தி, ஓரத்தில் ஐந்து வரி எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார். ஆறு மாதம் வீட்டில் சோறு போட்டு வளர்த்த குற்றம் ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது. விண்ணப்பம் ஏற்கப்பட்டதாக அவர் சொன்னபோது, ஞானசிகாமணிக்கு நிம்மதியோடு கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. தன் பாவம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது ஹாரிங்டன் எழுந்து கைகொடுத்தார். "நிறுத்தச் சொன்ன இடத்துல நின்னு, மூணு எண்ணிட்டுப் போங்க, சார். அவ்வளவுதான் நான் அன்னைக்கும் சொன்னேன்." டோலோரஸ் பியூலாவிடம் சொதிக் குழம்பு வைக்கும் பக்குவத்தை ஒரு தடவை ஒப்பித்துச் சரிபார்த்துக்கொண்டார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். நான்கு பேரும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெயிலுக்குள் போனார்கள், பிறகு அங்கே வெயில் மட்டும் இருந்தது.

கல்வர் போகவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வண்டி கிளம்பியபோது பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

"அதான் எழுதிக் குடுத்தாச்சே" என்றார் ஞானசிகாமணி.

"வேகத்த எழுதுனீய, சார். நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலியே."

மூன்று வாரம் கழித்து உறுதிமொழி எடுக்கும் நாள் வந்தது. காலையில் ஹெப்சி தன் வண்டியில் பள்ளிக்கூடம் போய்விட்டாள், நேரே விழாவுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி. ஞானசிகாமணி கோட் போட்டுக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்து, அன்று கொண்டுபோக வேண்டிய தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். நேர்காணலுக்குப் பிறகு புதிதாக டிக்கெட் ஏதும் வாங்கினீர்களா என்று அதிலும் கேட்டிருந்தார்கள். விடாமல் கேட்கிற அரசாங்கம். பியூலா உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். கல்வர் ஜன்னலோரம் நின்றார்.

"இவ்வளவு அவசரமா எங்க போறீய, சார்?"

ஞானசிகாமணி வாயைத் திறந்தார். ஆபீசுக்கு என்ற சொல் வந்திருக்க வேண்டிய இடத்தில் வரவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கயும் இல்ல" என்றார். "வீட்ட விட்டுப் போனேன்."

பியூலா அடுப்பை அணைத்தாள். ஆனால் திரும்பவில்லை.

"வேல போயி மூணு வாரம் ஆயிருந்துச்சு" என்று அவர் அவளுடைய முதுகைப் பார்த்துச் சொன்னார். "ஒங்கிட்ட சொல்லல. தெனமும் டை கட்டிட்டு, சோத்து டப்பாவ எடுத்துட்டுப் போயி, லைப்ரரி வாசல்ல வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருப்பேன். அன்னைக்குப் பிள்ள விடியாமயே அழுதுட்டு இருந்தா. கொஞ்சம் வச்சிருங்க, நான் குளிச்சு ரெண்டு நாளாச்சுன்னு நீ சொன்ன. எனக்கு மீட்டிங் இருக்குன்னு சொன்னேன். லைப்ரரி வந்துச்சு. நான் நிறுத்தல. போயிட்டே இருந்தேன்."

"திரும்பி வாறதா இருந்தீயளா?"

"இல்ல."

"என்னல்லாம் எடுத்துட்டுப் போனீய?"

"மூணு சட்ட. பாஸ்போர்ட்டு. சர்டிபிகேட்டு."

"பிள்ளைக்குப் படம் ஒண்ணும் எடுக்கலியா?"

"எடுக்கல."

பியூலா கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியை மறுபடியும் கழுவினாள். "எட்டுத் தடவ போன் போட்டேன்" என்றாள். "கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துட்டு, அதான் எடுக்க முடியலன்னு சொன்னீய. நான் ஒங்களுக்கு வெந்நீர் போட்டுக் குடுத்தேன், பாவம் களைச்சு வந்திருக்காவன்னு."

ஞானசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கையைத் துடைத்துவிட்டுக் கல்வரிடம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க, தம்பி. இவுக சொன்னா பாதிதான் வரும்."

கல்வர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "டிக்கெட்ட வாங்குன பொறவும் சார் வண்டிய எடுக்கல, அம்மா. முக்கால் மணி நேரம் ரோட்டு ஓரத்துலயே நின்னுச்சு. பழுதாயிட்டோன்னு கேக்கத் திரும்பி வந்தேன். சார் டப்பாவத் திறந்து வச்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ. ஏதோ மஞ்சளா சோறு. அழுதுக்கிட்டே சாப்பிட்டாவ. எங்கன திரும்பணும்னு கேட்டாவ. அடுத்து வெளிய போற வழி பதினோரு மைலு தள்ளி இருக்கு, அங்க போயித்தான் திரும்பணும்னு சொன்னேன்."

"பொறவு?"

"நடுவுல போலீஸ் வண்டி மட்டும் திரும்புததுக்கு ஒரு சந்து உண்டு. வேற யாரும் திரும்பக் கூடாதுன்னு பெரிய போர்டு வச்சிருக்கும். சார் அதுல திருப்பிட்டாவ. என் கண்ணு முன்னாலயே. டிக்கெட் எழுதுன வேகத்தவிட அது பெரிய குத்தம், அம்மா. நான் எழுதியிருக்கணும்."

"எழுதலியா?"

"எழுதல. நடு ரோட்டுல எறங்கி நின்னு, எதுக்க வந்த லாரியளக் கையக் காட்டி நிறுத்துனேன்." அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "நானும் ஒண்ண எழுதாம விட்டுட்டேன்லா. அதான் போக முடியல."

பியூலா நாற்காலியை இழுத்துப் போட்டு, புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பதினோரு மைலுன்னா பத்து நிமிசம். போயித் திரும்பியிருக்கலாம்லா?"

"முடியல" என்றார் ஞானசிகாமணி. "பத்து நிமிசம் முடியல, பியூலா."

ஹெப்சியின் அப்பாவை அவள் வெகுநேரம் பார்த்தாள். நாற்சந்தியில் மஞ்சள் விளக்கு விழுந்தாலே நாற்பது அடிக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்து அறிவுரை சொல்கிற மனுஷன்.

அந்த மனுஷன் இப்போது மேசைமேல் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தார். உண்மை சொல்லிப் பழகிய ஒரு மாதத்தில் அது அவருக்கு ஒரு வியாதியாகவே ஆகியிருந்தது. கேள்விக்குக் கீழே வெற்றிடம் கொஞ்சம் இருந்தது. "அந்தத் திருப்பத்தையும் எழுதிருதேன்" என்று பேனா மூடியைத் திறந்தார். "மார்ச் பன்னிரண்டு, பகல் சுமார் பன்னிரண்டேகால்…"

பியூலா எட்டி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

"மத்ததுக்கெல்லாம் சாயங்காலம் வந்து எனக்குப் பதில் சொல்லணும். ஒரு நாளுல முடியாது" என்றாள். "ஆனா அந்தத் திருப்பத்த மட்டும் எங்கயும் எழுத வேண்டாம்."

பிறகு, காலணியை மாட்டிக்கொண்டிருந்த கல்வரை நிறுத்தி, உப்புமா ஆறுகிறது, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி சொன்னாள்.